புனிதர் இல்லாத யன்னல்

படம் கீறுவதைப் பற்றி எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஓவியம் படித்தவர்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு மனித முகத்தை மனித முகமாகக் கீற எனக்கு இன்றைக்கும் வராது. போன கிழமை, ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற கிண்ணியாப் பாதைப் படகில் ஏறி இறங்கிய கதையை எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் ஒருவர், இதையெல்லாம் அச்சடிக்கிறார்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள், நான் குறை நினைக்க மாட்டேன்.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு பின்னேரம். எங்கள் வீட்டு முன்னறை. கதிரைகளையும் மேசையையும் விறாந்தைக்குத் தள்ளியாயிற்று. நிலம் முழுக்க ஈரத் தாள்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரு தாளின் ஓரத்தால் எங்கள் கோழி நடந்து போயிருந்தது. அதன் கால் அடையாளம் ஊதா நிறத்தில் குசினி வாசல் வரைக்கும் தெரிந்தது.

வேலை முடிந்து வந்த என் கணவர் அந்தோனி, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். தாள்களை ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பார்த்தார்.

"மாதா எங்க?" என்று கேட்டார்.

"வரேல்லை" என்றேன்.

## என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு

அந்தோனி துறைமுகத்தில் லோஞ்சு என்கிற இயந்திரப் படகு ஓட்டினார். நல்ல கதைகாரன். சந்தைக்கு மீன் வாங்கப் போனால் மீன் பழுதாகும் வரைக்கும் கதைத்துக்கொண்டு நிற்பார். நான் அதற்கு நேர்மாறு. கோயிலில் காணிக்கைத் தட்டு என் பக்கம் வந்தாலே எனக்குக் கை நடுங்கும்.

அதற்கு முந்திய மார்கழியில் ஒரு பெரிய சுழல்காற்று அடித்தது. எங்கள் கடற்கரைக் கோயிலின் மேற்குப் பக்க யன்னல் கண்ணாடி முழுவதும் அந்தக் காற்றில் போயிற்று. பழைய கண்ணாடி அது, நிறக் கண்ணாடி. கொழும்பில் விசாரித்தார்கள். வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்திருந்த காலம். வருமென்றும் சொல்லவில்லை, வராதென்றும் சொல்லவில்லை. தகரத் தகடு ஒன்றை ஆணி அடித்து மூடினார்கள். கோயிலின் அந்தப் பக்கம் பகலிலும் இருட்டாகக் கிடந்தது.

அதே காற்றில்தான் வின்சனும் போனார். அந்தோனியோடு ஒரே லோஞ்சில் வேலை செய்தவர். சரக்குப் படகு ஒன்றின் கயிறு அறுந்துவிட்டது என்று அதைக் கட்டப் போனார்கள். அந்தோனியை உட்துறைமுகத்துக் கற்பாறை ஒன்றில் ஏற்றிவிட்டது கடல். வின்சனின் உடலைக்கூடத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

ஊர்க் கதை உலகக் கதை எல்லாம் கதைக்கிற மனுசன், இதை மட்டும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

வின்சனின் மனைவி றீற்றா. என்னிலும் இளையவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்களை இழந்தவர்கள் பக்கத்திலுள்ள சேமக்காலைக்குப் போவார்கள். தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பார்கள். றீற்றா சேமக்காலைப் படலை வரைக்கும் வருவாள். அவளுக்கு உள்ளே போக ஓர் இடம் இல்லை. கையில் மெழுகுதிரியோடு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

அதை அந்தோனி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திருநாள் ஆயத்தத்துக்குக் கோயிலில் கூட்டம் கூடியபோது அவர் எழும்பினார். கண்ணாடி வரும் வரைக்கும் தாளில் படம் கீறி எண்ணெய் பூசி ஒட்டலாம், வெளிச்சம் வரும், கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதா படமாக இருக்கட்டும் என்றார். "வின்சன்ர நினைவுக்கு. றீற்றாவுக்கும் வந்து நிக்க ஒரு இடம் வேணும்தானே" என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். யார் கீறுவது என்று மூப்பர் கேட்டார். மூப்பர் என்றால் எங்கள் கோயில் காரியங்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். குருத்தோலை வெட்டுவது முதல் திருநாளுக்குப் புனிதரின் சிலை வைத்த கூடு தூக்குவது வரைக்கும் அவர் சொல்தான்.

"என்ர மனுசி கீறுவா. அவவுக்கு அதுதானே வேலை."

நான் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. றீற்றாவின் தலையும்தான். அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது.

## என் வேலை

என் வேலை அதுவே அல்ல. துறைமுகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் நில, கடல் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் ட்றேசர் நான். மேலே மெல்லிய தாளை விரித்து, கீழே தெரிகிற கோட்டை மை கொண்டு இழுப்பது. பிறகு வர்ணம் பூசுவது. வீதிக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. அதை வாஷ் என்போம். பிறஷில் தண்ணீரும் வர்ணமும் நிறைய எடுத்து, பலகையைச் சரித்து வைத்து, காய்வதற்கு முதல் ஒரே மூச்சில் கீழே வரைக்கும் கொண்டுவர வேண்டும். இடையில் தும்மினால் கறை விழும்.

அந்த வேலைக்குப் படம் கீறத் தெரியத் தேவையில்லை. கை நடுங்காமல் இருந்தால் போதும். ஆட்கள் பார்க்காவிட்டால் என் கை நடுங்காது.

பள்ளிக்கூடத்தில் ஒரு முறை சிஸ்டர் கோழி கீறச் சொன்னார். நான் கீறியதைப் பார்த்துவிட்டு, பூசணிக்காய்க்கு ஏன் கால் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பிறகு நான் கோழியும் கீறவில்லை, பூசணிக்காயும் கீறவில்லை.

ஆனால் நிறம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல் எல்லாம் சாம்பல் நிறம். பீப்பாய், கட்டடம், இரும்புக் கம்பி, எல்லாமே சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவில் இறங்குதுறைப் படிக்கட்டின் அடியில் எண்ணெய் கசிந்து தண்ணீரில் பரவியிருக்கும். வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் செம்பும் தங்கமும் ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருக்கும். ஒரு கல் போட்டால் கலைந்து வேறொன்றாக வரும். அதற்கு உருவம் ஒன்றும் இல்லை. நான் மணிக்கணக்காய்ப் பார்த்திருக்கிறேன். அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவா.

## மூப்பருக்கு முக்காடு

தேயிலை ஏற்ற வந்த கப்பலில் ஒருவரிடமிருந்து அந்தோனி எனக்கு ஒரு வர்ணப் பெட்டி வாங்கிவந்தார். கட்டி கட்டியாக இருக்கிற நீர்வர்ணம். அலுவலகத்தில் பார்த்திராத நிறங்கள் அதில் இருந்தன. ஒரு ரோசாப்பூ நிறம். பாசி போன்ற ஒரு பச்சை. அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேனே தவிர, பல நாள் பிறஷை நனைக்கவில்லை.

பிறகு மாதாவைத் தொடங்கினேன். நாட்காட்டியில் இருந்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டு கீறினேன். முதல் மாதாவுக்கு ஒரு கண் மேலே போய்விட்டது. அடுத்ததுக்குக் கழுத்தே இல்லை. எல்லாவற்றிலும் நல்லதாக வந்த ஒன்றை அந்தோனியிடம் காட்டினேன். அவர் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"மூப்பருக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார், பிறகு நான் அழுவதைக் கண்டு நிறுத்தினார். உண்மையில் அது மூப்பரைப் போலத்தான் இருந்தது. தாடை எல்லாம் அப்படியே.

கோபத்தில் அந்தத் தாளைக் கழுவிவிடலாம் என்று செம்புத் தண்ணீரை ஊற்றினேன். மாதாவின் நீலப் போர்வை கரைந்து சிவப்பு உடுப்புக்குள் ஓடிற்று. இரண்டும் சந்தித்த இடத்தில் ஓர் ஊதா புறப்பட்டது. தாளைச் சரித்தேன், அது இறங்கி வந்தது. மறுபக்கம் சரித்தேன், மஞ்சளைத் தொட்டு மண்ணிறமாய் மாறி நின்றது. முகம் போய்விட்டது. எனக்கு எங்கேயோ பார்த்த ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

காய்ந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, உவர்த் தண்ணீர். நீலம் காய்ந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. உப்பு தன் பாட்டில் வர்ணத்தைத் தள்ளி இடம் பிடித்திருந்தது. அலுவலகத்தில் இப்படி வந்தால் தாளைக் கிழித்துப் போட வேண்டும். வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். பாலையூற்றில் இருந்த அக்கா வீட்டிலிருந்து போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஒரு தாள், எங்கள் உவர்த் தண்ணீரில் ஒரு தாள் என்று பூசிப் பார்ப்பேன். நல்ல தண்ணீரில் நிறம் பட்டுப் போல வழுக்கி இறங்கும். உவரில் பொரிந்துவிடும். கறிக்குப் போடுகிற கல் உப்பை ஈரத்தில் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரும். பப்பாசி இலைத் தண்டை வெட்டி, குழலாக வைத்து ஊதினால் வர்ணம் வேர் விட்டு ஓடும். பெட்டி நீலம் முடிந்தபோது துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்தேன். மஞ்சள் தூளும் போட்டேன், அது காய்ந்ததும் உதிர்ந்தது. தேயிலைச் சாயம் நின்றது.

ஒரு நாள் அந்தோனி சோறு எங்கே என்று கேட்டார். சோறு அடுப்பில் கரிந்து கிடந்தது. வர்ணம் கரைக்கத்தான் கலியாணம் முடித்தனீரோ என்று கேட்டுவிட்டு, தானே போய்ப் பாண் வாங்கி வந்தார்.

பல வருடத்துக்குப் பிறகு நகர மண்டபத்தில் ஒரு சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். அதில் இப்படியான படங்கள் இருந்தன. அவற்றை அரூப ஓவியம் என்று சொல்வார்கள் என்று அங்கே நின்ற ஆசிரியை சொன்னார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டு எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரைக்கும் என்னில் மட்டும் உள்ள ஏதோ கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

## சேலைக் கடை

அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். திருநாள் நெருங்கிவிட்டது. யன்னலின் சட்டத்தில் எத்தனை கட்டமோ அத்தனை தாளையும் வெட்டி, நிலத்தில் ஒழுங்காகப் பரப்பி, எல்லாவற்றையும் ஒரே படமாக நினைத்துக்கொண்டு, கை போன போக்கில் பூசியிருந்தேன். வெளிப் பக்கம் சிவப்பும் மஞ்சளும் மண்ணிறமும். உள்ளே பச்சை. அதற்கும் உள்ளே நீலம். மாதா வருவா என்று கடைசி வரைக்கும் இடம் விட்டிருந்தேன். அவ வரவில்லை.

அந்தோனி செருப்போடு வாசலில் குந்திவிட்டார். நான் ஏச்சை எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் தாள்களைப் பார்த்தார்.

"இதையே ஒட்டுவம்" என்றார்.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் தகரத்தைக் கழற்றினோம். தேங்காயெண்ணெய் பூசிய தாள்களைக் கோதுமை மாப் பசையால் சட்டத்தில் ஒட்டினோம். கச்சான் காற்று வீசுகிற காலம், மழைப் பயம் இல்லை. வெளியில் பக்க விறாந்தையும் இருந்தது. காலையில் மேற்குப் பக்கத்தில் வெயில் இல்லை. தாள்கள் மங்கிப்போய் எண்ணெய்க் கறையோடு நின்றன. எனக்கே வெட்கமாக இருந்தது.

மூப்பர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இதில எந்தப் புனிதர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். புனிதர் இன்னும் வந்து சேரவில்லை என்று அந்தோனி சொன்னார். பகிடி எடுபடவில்லை.

"கோயில் யன்னல் எண்டால் சனம் பார்த்துக் கும்பிட ஒரு ஆள் வேணும். இது சேலைக் கடை மாதிரிக் கிடக்கு. நடுவில பூசவும் இல்லை, வர்ணம் முடிஞ்சு போச்சுது போல."

பூசாதது உண்மை. நடுவில் பெரிய இடம் ஒன்று வெறும் வெள்ளைத் தாளாகவே இருந்தது.

பிரச்சினை சுவாமியாரிடம் போயிற்று. அவர் யன்னலைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், அந்தோனியைப் பார்த்தார். வின்சனின் நினைவுக்கு என்று சொல்லித்தானே தொடங்கினீர்கள், றீற்றா வந்து பார்க்கட்டும், அவள் வேண்டாம் என்றால் மாலை ஆராதனை முடிய எடுத்துவிட்டுத் தகரத்தை அடியுங்கள் என்றார். மூப்பர் ஏணியைக் கொண்டுவந்து யன்னலுக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்தார்.

அன்று பகல் அந்தோனி சாப்பிடவில்லை. விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தார். படம் போனால் போகட்டும், வேறு ஒன்று யோசிப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"படத்துக்கில்லை" என்றார். "நான்தான் அவன்ர கையைப் பிடிச்சிருந்தனான்."

அந்தச் சுழல்காற்றைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

## மாலை ஆராதனை

கோயில் நிறைந்த சனம். ஆராதனை தொடங்கியபோது யன்னல் காலையில் இருந்தது போலவே மங்கிக் கிடந்தது. பாட்டின் நடுவில் வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிற்று. முதலில் ஓரத்துச் சிவப்பு பற்றியது. பிறகு மஞ்சள். பிறகு பச்சையும் நீலமும் எழும்பி வந்தன. உப்புப் பூத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒளி. வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப் பிள்ளைகள் நிறம் நிறமாக மாறினார்கள். ஒரு பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எண்ணெய் ஊறின தாள் அப்படி வெளிச்சம் விடும் என்று நானும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்தும் சனம் உடனே கலையவில்லை. றீற்றா எழும்பி யன்னலடிக்குப் போனாள். மூப்பர் ஏணியில் கை வைத்துக்கொண்டு நின்றார். சுவாமியாரும் நின்றார். அந்தோனி தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

றீற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நடுவில ஏன் அக்கா ஒண்டும் பூசேல்லை?"

எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாதாவுக்கு விட்ட இடம் அது என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அப்போதுதான் நானே அதைக் கண்டேன். என் கை என்ன செய்திருக்கிறது என்று.

"அலுவலகத்தில கடல் படத்துக்கு அப்பிடித்தான் பூசிறனாங்கள்" என்றேன். "கரைக்குக் கிட்டத்தான் நீலம் அடிக்கிறது. கல் தட்டுற இடத்துக்கு, கப்பலுக்குப் பயமான இடத்துக்கு. ஆழம் கூடக் கூட நீலத்தைக் குறைச்சுக்கொண்டு போவம். நல்ல ஆழத்துக்கு ஒண்டும் பூசுறேல்லை. வெள்ளையாய் விடுறது."

"அப்ப அது ஆழமோ?"

"ஓம்."

அவள் திரும்பி அந்த வெள்ளையைப் பார்த்தாள். வெயில் நேராக அதற்குள்ளால்தான் வந்துகொண்டிருந்தது. யன்னலிலேயே அதிக வெளிச்சம் அந்த இடத்தில்தான்.

"நான் அங்க இருட்டெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள்.

அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. பிறகு சுவாமியாரிடம் திரும்பி, "இருக்கட்டும் சுவாமி" என்றாள்.

மூப்பர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போனார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தோனி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எதிரில் வந்தவர்கள் அவருக்குச் சுகமில்லையோ என்று என்னைக் கேட்டார்கள்.

மறுநாள் திருநாள். பூசை முடிந்ததும் றீற்றா யன்னலுக்குக் கீழே ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். எண்ணெய்த் தாள், நெருப்புப் பிடித்துவிடும் என்று மூப்பர் முறைப்பட்டார். பிறகு தானே வெளியே போய் ஒரு பால்மாத் தகரத்தில் கடல் மணல் அள்ளிவந்து, அதற்குள் மெழுகுதிரியை நட்டு, யன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.